ஜிப்சியைத் தூக்கிய பிறகு சீட்டுக்கடியில் உதறல்

கேள்வி: வணக்கம் சார். முடிச்சூரில் இருக்கிறேன். 2012 மாடல் மாருதி ஜிப்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீர் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால் வண்டியை 2 அங்குலம் தூக்கினேன். நான்கு பக்கமும் ஷேக்கிளை (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் இரும்புத் துண்டு) 2 அங்குலம் நீளமானதாக மாற்றி, ஒவ்வொரு ஸ்பிரிங் கட்டிலும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டார்கள். டயர் 215/75 ஆர்15. அன்றிலிருந்து 60 கி.மீ. வேகம் தாண்டினால் சீட்டுக்கடியில் உதறல். வீல் பேலன்சிங் இரண்டு முறை செய்தேன், பலன் இல்லை. பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில், இரு முனை ஜாயிண்டிலும் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸ் இரண்டையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு 40லேயே உதற ஆரம்பிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் குறைகிறது, ஆனால் போகவில்லை. ஒரு மெக்கானிக் "தூக்கின வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறார். இன்னொருவர் டபுள் கார்டன் ஷாஃப்ட் போடச் சொல்கிறார். மூன்றாமவர் டிரான்ஸ்ஃபர் கேஸை (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) கீழே இறக்கினால் சரியாகும் என்கிறார். தினமும் ஒரகடம் போய் வருகிறேன். யார் சொல்வதைக் கேட்பது? எஃப்.சி.யில் பிரச்சினை வருமா?

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. கிராஸ் மாற்றிய பிறகு உதறல் 60லிருந்து 40க்கு இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் பிடிக்க வேண்டியது அந்த வரியைத்தான். புது கிராஸ் போட்டால் உதறல் குறைய வேண்டும், இல்லை அப்படியே இருக்க வேண்டும். கூடுகிறது என்றால் மாட்டிய விதத்தில் ஏதோ தப்பு. ஆக, உங்கள் வண்டியில் இரண்டு கோளாறு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது. ஒன்று வண்டியைத் தூக்கியபோது வந்தது. இன்னொன்று ஷாஃப்டைக் கழற்றி மாட்டியபோது வந்தது. பின்னதைச் சரிசெய்யக் காசே வேண்டாம். முன்னதற்கு அளவு எடுக்க வேண்டும். அளவு எடுக்கும் வரை எந்தப் பாகமும் வாங்காதீர்கள். டபுள் கார்டன் ஷாஃப்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீல் பேலன்சிங்குக்கு இரண்டு முறை பணம் கொடுத்தது வீண். 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 70 செ.மீ. 80 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் விநாடிக்குச் சுமார் 10 முறை சுற்றும். டயரிலோ ரிம்மிலோ குறை இருந்தால் ஆட்டம் விநாடிக்கு 10 என்ற கணக்கில் வரும். அது பெரும்பாலும் ஸ்டியரிங்கில்தான் தெரியும், கண்ணுக்கே தெரிகிற மாதிரி ஆடும். புரொப்பல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைப் போலச் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது, அதாவது அதே 80ல் விநாடிக்கு 40. ஜாயிண்ட் கோணத்தால் வரும் அதிர்வு ஒரு சுற்றுக்கு இரண்டு என்பதால் விநாடிக்கு 80. அதை ஆட்டம் என்று சொல்ல மாட்டீர்கள். சீட்டிலும் தரையிலும் ஒரு கூச்சமாக, காதில் உறுமலாகத்தான் தெரியும். நீங்கள் சொல்வது இந்த இரண்டாவது ரகம்.

ஒரு சின்ன சோதனை மட்டும் செய்துவிடுங்கள். 50ல் ஒரு முறை மூன்றாம் கியர், ஒரு முறை நான்காம் கியர். இரண்டிலும் உதறல் ஒரே மாதிரி இருந்தால் எஞ்சினையும் கிளட்சையும் விட்டுவிடலாம், கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒரகடம் ரோட்டில் காலை நெரிசலில் இதைச் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலையில் கொஞ்ச தூரம் போய் வாருங்கள்.

கோணத்துக்கும் உதறலுக்கும் என்ன சம்பந்தம் என்பது தெரிந்தால் மூன்று மெக்கானிக்கும் சொன்னதை நீங்களே எடை போட்டுவிடலாம். டூல் பெட்டியில் சாக்கெட் செட்டோடு வரும் யுனிவர்சல் ஜாயிண்ட் இருந்தால் எடுங்கள். அதை ஒரு இறுக்கமான நட்டில் மாட்டி, நன்றாகச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு இடத்தில் இறுகும், இரண்டு இடத்தில் தளரும். கையை ஒரே சீராகச் சுற்றினாலும் மறுமுனை ஓடியும் தயங்கியும்தான் சுற்றும். கிராஸ் போட்ட எந்த ஜாயிண்டுக்கும் இதுதான் குணம். டிப்ளமா படித்தவர்களுக்கு ஹூக்ஸ் ஜாயிண்ட் பாடம் நினைவிருக்கும். சாய்வு 10 டிகிரி என்றால் வேகம் ஒன்றரை சதவீதம் கூடி, ஒன்றரை சதவீதம் குறையும். நிமிடத்துக்கு 2,400 சுற்று உள்ளே போனால், வெளியே ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் 2,364க்கும் 2,437க்கும் இடையே இரண்டு முறை ஏறி இறங்கும். 3 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் சதவீதத்தில் ஏழில் ஒரு பங்குதான், யாருக்கும் தெரியாது.

அப்படியானால் எல்லா வண்டியும் உதற வேண்டுமே? உதறாததற்குக் காரணம் இரண்டாவது ஜாயிண்ட். முன் ஜாயிண்ட் கெடுத்ததைப் பின் ஜாயிண்ட் அதே அளவுக்கு எதிர்த்திசையில் கெடுத்துச் சமன் செய்துவிடுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனை. இரண்டு ஜாயிண்டிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள யோக்குகள் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். உங்கள் வண்டியில் முதல் நிபந்தனை ஷேக்கிளால் போனது. இரண்டாவது, என் கணிப்பில், கிராஸ் மாற்றிய அன்று போனது.

காசில்லாத வேலையை முதலில் பார்ப்போம். ஜிப்சி ஷாஃப்டின் நடுவே ஸ்ப்லைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) போட்ட ஒரு சறுக்கு இணைப்பு உண்டு. கிராஸ் அடிக்கும்போது பட்டறைப் பையன் ஷாஃப்டை இரண்டு துண்டாக உருவி, வசதிக்குத் தனித்தனியாக வைஸில் பிடித்து வேலை செய்வான். திரும்பச் செருகும்போது எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று அடையாளம் போடாவிட்டால் போச்சு. 16 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் தவறுவது 22.5 டிகிரி தவறுவது. "ஒரு பல்லுதானே" என்பார்கள். கணக்குப் போட்டால், ஒரு பல் தவறியதும் பின் ஜாயிண்ட் சமன் செய்யும் வேலையில் முக்கால் பங்கு போய்விடுகிறது, கிட்டத்தட்ட அப்படி ஒரு ஜாயிண்டே இல்லாத மாதிரி. நான்கு பல் தவறினால் இரண்டு ஜாயிண்டும் சேர்ந்து உதறலை இரட்டிப்பாக்கும்.

இதை வண்டிக்கடியில் படுத்தே பார்த்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கப் போகும் மூன்று சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டு நியூட்ரலில் விடுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு ஸ்டாண்ட் கொடுத்தால் ஷாஃப்டைக் கையால் திருப்ப முடியும். ஷாஃப்ட் குழாயோடு சேர்ந்த யோக்கைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸில் போல்ட் போட்டிருக்கும் ஃபிளாஞ்சையோ (இணைப்புத் தட்டு) பினியன் (பின் ஆக்சிலுக்குள் ஷாஃப்ட் சுழற்றும் பல் சக்கரம்) ஃபிளாஞ்சையோ பார்க்க வேண்டாம், பலரும் அதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். ஷாஃப்டின் முன் யோக்கில் இரண்டு காதும் நேர் மேலும் கீழுமாக நிற்கும்படி திருப்புங்கள். அப்படியே நகர்ந்து பின் யோக்கைப் பாருங்கள். அதன் காதுகளும் நேர் மேலும் கீழுமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஷாஃப்டைக் கழற்றி, ஸ்ப்லைனை உருவி, சரியான பல்லில் செருகுங்கள். ஷாஃப்டில் அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் இரண்டும் எதிரெதிரே வர வேண்டும். மண்ணும் பெயின்டும் மூடியிருக்கும், கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுத் தேடுங்கள். தரையில் கிடத்தி, இரண்டு முனை கிராஸிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. பிறகு சென்டர் பஞ்சால் நீங்களே இரண்டு பக்கமும் ஒரு குத்து குத்தி வையுங்கள், அடுத்த முறை யார் கழற்றினாலும் உதவும்.

ஷாஃப்ட் வெளியே வந்திருக்கும்போதே இன்னும் இரண்டு விஷயம். கிராஸின் நான்கு கப்பும் சர்க்ளிப் (பிடிப்பு வளையம்) வரை சமமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இறங்கியிருந்தால் ஷாஃப்ட் மையம் விலகிச் சுற்றும், அது ஒரு சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தனி உதறல். குழாயில் சின்னத் தகடு வெல்ட் செய்திருப்பார்கள், அது பேலன்ஸ் எடை. அது விழுந்த தழும்பு தெரிந்தால் பேலன்ஸ் போட வேண்டும். லாரி ஷாஃப்ட் வேலை செய்யும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள், மாதவரம் பக்கம் விசாரிக்கலாம். குழாயில் காய்ந்த சேறு திட்டாக ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். சேற்றில் போய் வந்த மறுநாள் "ஷாஃப்ட் அடிக்குது" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே வைத்தியம்.

இதைச் சரிசெய்ததும் உதறல் பழையபடி 60க்குப் போய்விடும் என்று எதிர்பார்க்கிறேன். அப்புறம்தான் கோணம்.

உங்கள் பின் ஸ்பிரிங்கில் ஷேக்கிள் பின் முனையில் இருக்கிறது. முன் முனை சேசிஸில் நேராக மாட்டியிருக்கிறது. ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 2 அங்குலம் உயராது, ஆக்சில் ஸ்பிரிங்கின் நடுவில் இருப்பதால் சுமார் 1 அங்குலம்தான் உயரும். மிச்ச 1 அங்குலம் உங்களுக்குக் கூடுதல் பட்டையில் வந்திருக்கும். ஆனால் நீளமான ஷேக்கிள் இன்னொரு காரியமும் செய்கிறது. ஸ்பிரிங்கின் பின் கண் மட்டும் 5 செ.மீ. கீழே போவதால் ஸ்பிரிங் முழுவதும் பின்பக்கம் சாய்கிறது. அதில் யூ போல்ட் போட்டு இறுக்கிய ஆக்சிலும் கூடவே உருள்கிறது. பினியன் மூக்கு மேலே தூக்குகிறது. ஸ்பிரிங் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று கொண்டால் இது 3 டிகிரி.

இப்போது தோராயமாக ஒரு கணக்கு. ஷாஃப்ட் 80 செ.மீ. நீளம், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச் பினியனைவிட 10 செ.மீ. உயரம், இரண்டும் மட்டமாகப் படுத்திருக்கின்றன என்று வையுங்கள். ஷாஃப்டின் சரிவு சுமார் 7 டிகிரி, முன் ஜாயிண்டும் 7, பின் ஜாயிண்டும் 7. வண்டியை 5 செ.மீ. தூக்கியதும் சரிவு 10.5 ஆகிறது. முன் ஜாயிண்ட் 10.5. பினியன் 3 டிகிரி மேலே பார்ப்பதால் பின் ஜாயிண்ட் 7.5. (மூக்கு ஏறுவதால் சரிவு கொஞ்சம் குறையும், அதை இங்கே விட்டுவிடுவோம்.) வித்தியாசம் 3 டிகிரிதானே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு ஏமாற்றும். கோணங்களை நேராகக் கழிக்கக் கூடாது. 10.5இன் வர்க்கத்திலிருந்து 7.5இன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 7.3 வருகிறது. அதாவது, சமன் செய்ய ஆளே இல்லாமல் ஒற்றை ஜாயிண்ட் 7.3 டிகிரி சாய்வில் ஓடுவதற்குச் சமமான உதறல் உங்கள் பினியனுக்குப் போகிறது. இந்த எண்ணை 3க்குள் வைத்துக்கொள்வதுதான் பொதுவான வழக்கம். கோணம் சின்னதாக இருக்கும் வண்டியில் 3 டிகிரி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏற்கெனவே கோணம் பெரிதாக உள்ள வண்டியில் முடியாது.

ஆக்ஸிலரேட்டரை விட்டால் குறைகிறது என்ற உங்கள் வரியும் இதோடு பொருந்துகிறது. பட்டை ஸ்பிரிங் வண்டியில் மிதிக்கும்போது ஆக்சில் ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கை இன்னும் மேலே தூக்கும். விட்டால் இறங்கும். ஏற்கெனவே அண்ணாந்து பார்க்கும் பினியன் மிதிக்கும்போது மேலும் அண்ணாந்தால் உதறல் கூடத்தான் செய்யும். நேர்மாறாக, விடும்போது கூடுகிறது என்று எழுதியிருந்தால் பினியன் கீழே பார்க்கிறதோ என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

மேலே சொன்னது உதாரணக் கணக்கு. உங்கள் வண்டியை நீங்கள் அளக்க வேண்டும். காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி ஆன்லைனில் கிடைக்கிறது, மொபைல் ஆப்பும் போதும், ஆனால் மொபைல் கவர் கழற்றியிருக்க வேண்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் தன் எடையில் நிற்க வேண்டும். சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஆக்சில் தொங்கி, வருகிற எண் எல்லாம் பொய். மூன்று இடத்தில் அளவு: டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஃபிளாஞ்ச் முகம், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்ச் முகம். முகங்கள் செங்குத்தாக இருப்பதால் அங்கே வரும் எண்ணை 90லிருந்து கழித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் கூடவே குறியுங்கள், பாதி குழப்பம் இந்த மேல் கீழ் விஷயத்தில்தான் வருகிறது. துருவும் மண்ணும் சுரண்டிவிட்டு அளங்கள், ஒரு திட்டு மண் ஒரு டிகிரியைத் தின்றுவிடும். தரை கொஞ்சம் சரிவாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்.

அளவு நான் நினைத்த மாதிரி வந்தால், என் முதல் சிபாரிசு பின்பக்கம் பழைய ஷேக்கிளையே திரும்ப மாட்டுவது. நீளமான ஷேக்கிள் மலிவானது, அரை நாளில் முடிகிற வேலை, அதனால்தான் எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் ஆக்சிலை உருட்டிவிடுகிறது, வண்டியைப் பக்கவாட்டில் ஆடவும் விடுகிறது. அதைக் கழற்றினால் 1 அங்குலம் இழப்பீர்கள். பதிலுக்குப் பினியன் தன் பழைய மட்டத்துக்கு வரும், மேலே போட்ட கணக்கில் இரண்டு ஜாயிண்டும் 9 டிகிரிக்கு வரும். வெள்ளத்துக்காகத் தூக்கினேன் என்கிறீர்கள். முடிச்சூருக்கு வருகிற வெள்ளம் 1 அங்குலத்தைப் பார்த்துத் திரும்பிப் போகாது. அதைவிட ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் மூன்றின் பிரீதர் குழாய்களையும் (உள்ளே காற்று போய்வரும் குழாய்கள்) நீட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய் வைப்பது உருப்படியான வேலை.

1 அங்குலத்தையும் விட மனமில்லை என்றால் ஆப்புத் தகடு போட வேண்டும். கடையில் டிகிரி ஷிம் என்று கேட்பீர்கள். அலுமினியத்தில் வருவதை வாங்காதீர்கள், யூ போல்ட் அழுத்தத்தில் நசுங்கி, வெடித்து, ஒரு நாள் வழியில் உதிரும். இரும்பில் லேத் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். டர்னரிடம் டிகிரி சொன்னால் முழிப்பார், மில்லிமீட்டரில் சொல்லுங்கள். 10 செ.மீ. நீளத் தகட்டில் 3 டிகிரி வேண்டுமென்றால் ஒரு முனையைவிட மறுமுனை 5.2 மி.மீ. தடிமன் கூடுதல். 4 டிகிரி என்றால் 7 மி.மீ. உங்களுக்கு வேண்டியது இந்த 4தான். மூன்று டிகிரியை ஈடுகட்டி, மிதிக்கும்போது மூக்கு தூக்குவதற்காக ஒரு டிகிரி கீழே பார்க்க விட வேண்டும். சென்டர் போல்டும் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும், பழையதையே போட்டால் தலை குழியில் உட்காராது.

தடித்த பக்கம் முன்னாலா பின்னாலா என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். கம்பெனி ஜிப்சியில் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது, ஆக்சில் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. பினியன் மூக்கைக் கீழே இறக்கத் தடித்த பக்கம் வண்டியின் பின்னால் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி மாற்றியிருக்கும் வண்டிகளில் அப்படியே தலைகீழ், தடித்த பக்கம் முன்னால். வீடியோவில் பார்த்ததை நம்பிப் போடாமல், அது எந்த வகை வண்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டால் 3 டிகிரி 7 ஆகிவிடும்.

இப்போது மெக்கானிக்குகள் சொன்னதற்கு வருவோம். டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கும் யோசனை மற்ற வண்டிகளில் நல்லது, ஜிப்சியில் யோசிக்க வேண்டும். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியில்லை. தனியாக மூன்று ரப்பர் மவுண்டில் தொங்குகிறது, நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். நீங்கள் வண்டியைத் தூக்கியபோது கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபரும் சேசிஸோடு சேர்ந்தே உயர்ந்ததால் அந்தக் குட்டி ஷாஃப்டின் கோணம் மாறவே இல்லை. இப்போது டிரான்ஸ்ஃபரை மட்டும் 2.5 செ.மீ. இறக்கினால், 30 செ.மீ. நீளமுள்ள ஷாஃப்ட் என்றால்கூட அதில் கிட்டத்தட்ட 5 டிகிரி புதிதாகச் சேரும். பின்னால் போன உதறல் முன்னால் வந்து உட்காரும். வாஷர் கனத்தில் சில மில்லிமீட்டர் இறக்குவது வேறு. ஆனால் அந்த ரப்பர் மவுண்டுகளைக் கட்டாயம் பாருங்கள். லீவர் கொடுத்து நெம்பினால் டிரான்ஸ்ஃபர் தாராளமாக ஆடுகிறதா, ரப்பர் பிளந்திருக்கிறதா? 2012 வண்டி, வெள்ளமும் பார்த்திருக்கிறது, தேய்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. அவை தொய்ந்திருந்தால் நீங்கள் எடுத்த அளவும் தப்பாக இருக்கும், முதலில் மவுண்டை மாற்றிவிட்டு அளக்க வேண்டும்.

டபுள் கார்டன் ஷாஃப்ட் நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. டிரான்ஸ்ஃபர் முனையில் இரண்டு கிராஸ் அடுத்தடுத்து இருப்பதால் அங்கேயே சமன் ஆகிவிடும். ஆனால் பின் ஜாயிண்டுக்குச் சமன் செய்ய ஆள் இருக்காது. அதனால் பினியன் கிட்டத்தட்ட ஷாஃப்டின் கோட்டிலேயே, ஒன்றிரண்டு டிகிரி மட்டும் கீழே பார்த்து நிற்க வேண்டும். உங்கள் பினியனோ, உதாரணக் கணக்குப்படி, ஷாஃப்டிலிருந்து 7.5 டிகிரி விலகியிருக்கிறது. அப்படியே டபுள் கார்டனை மாட்டினால் அவ்வளவு பணமும் போட்டு அதே உதறலை வாங்கிக்கொள்வீர்கள். பினியனை மேலும் 6 டிகிரி தூக்க வேண்டும், அப்புறம் பினியன் பேரிங்குக்கு ஆயில் எட்டுகிறதா என்ற கேள்வி வரும். 2 அங்குலத்துக்கு இவ்வளவு எதற்கு? 4 அங்குலம் தூக்கியவர்களுக்கு அது தேவை.

"தூக்கின வண்டின்னா அப்படித்தான்" என்றவர் முழுக்கத் தப்பில்லை. கோணத்தைச் சமன் செய்துவிட்டாலும் நடுவில் இருக்கிற ஷாஃப்ட் குழாய் மட்டும் ஓடியும் தயங்கியும்தான் சுற்றும். அதன் எடையால் கொஞ்சம் உறுமல் மிஞ்சும். ஷாஃப்ட் தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளில் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு 7 டிகிரி அளவில்தான் அனுமதி, 1,500 சுற்றுக்கு 11க்குக் கொஞ்சம் மேல். உங்கள் வண்டிக்கு அது 80 கி.மீ.க்கும் 50 கி.மீ.க்கும் பக்கத்தில் வரும் எண்கள். 9 டிகிரியில் 60, 65 வரை அமைதியாகப் போகலாம், 80ல் மெலிதாகக் காதுக்குத் தெரியும். ஜிப்சியில் 80க்கு மேல் காற்றுச் சத்தத்திலும் டயர் சத்தத்திலும் இது தெரியுமா என்பது வேறு விஷயம். 40லேயே உதறுவதை மட்டும் "அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. பினியன் பேரிங், ஆயில் சீல், டிரான்ஸ்ஃபர் பேரிங் என்று வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டே போகும். அதுவரை வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். முன் ஜாயிண்ட் விட்டுப்போய் ஷாஃப்ட் முன் முனை ரோட்டில் ஊன்றினால் வண்டியையே குப்புறத் தள்ளக்கூடியது.

எல்லாம் சரிசெய்தும் உதறல் நின்றபாடில்லை என்றால் பின் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, 4எச் (நான்கு சக்கர ஓட்டம்) போட்டு முன் சக்கரத்தில் மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உதறல் போய்விட்டால் பின் ஷாஃப்ட் அல்லது பின் ஆக்சில். போகவில்லை என்றால் குட்டி ஷாஃப்டையும் முன் ஷாஃப்டையும் பாருங்கள். ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் முன் ஷாஃப்ட் 2 வீலில் போகும்போதும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், அங்கேயும் நீளமான ஷேக்கிள் போட்டிருக்கிறீர்கள். பின் ஷாஃப்ட் இல்லாதபோது வண்டியை நிறுத்தினால் கியரை நம்பாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. முன்பக்க ஷேக்கிள் முன் முனையில் இருப்பதால், நீட்டும்போது முன் ஆக்சில் உருண்டு காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. ஸ்டியரிங் லேசாகி, வளைந்து வந்த பிறகு தானாக நேராகாமல், வேகத்தில் வண்டி அலைகிற மாதிரி இருந்தால் காரணம் அதுதான். பின்பக்கம் பழைய ஷேக்கிள் போடும்போது முன்பக்கமும் போட்டுவிடுங்கள், இரண்டு வேலையாக வேண்டாம். வெள்ளத்தில் இறங்கி வந்தால் மறுநாளே கிராஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புது கிரீஸ் அடியுங்கள். ஊசி பேரிங்குக்குள் தண்ணீர் தங்கினால் புது கிராஸும் ஒரு மழைக்காலம் தாங்காது.

எஃப்.சி. விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரத்தை மாற்றும் விதமாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு 2027ல் 15 ஆண்டு முடிந்து மறுபதிவு வரும், அப்போது ஆய்வாளர் டயரையும் உயரத்தையும் பார்ப்பார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் இதைக் கிளறுவார்கள். பழைய ஷேக்கிளைப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கழற்றிய பழைய ஷேக்கிளை மெக்கானிக் தூக்கிப் போட்டிருந்தால் புதுப்பேட்டையில் கிடைக்கும், புஷ் மட்டும் புதிதாகப் போடுங்கள்.

அப்புறம், வண்டிக்கடியில் படுத்திருக்கும் நேரத்தில் பின் பிரேக் ஹோஸையும் பாருங்கள். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலை முழுசாகத் தொங்கவிட்டால் ஹோஸ் இழுத்துக் கட்டின கயிறாக நிற்கிறதா, தளர்வாக இருக்கிறதா? இழுபட்டால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நீளமானதாக மாற்றுங்கள். ஆக்சில் தொங்குகிற அதே நிலையில், ஷாஃப்டின் சறுக்கு இணைப்பில் ஸ்ப்லைன் எவ்வளவு உள்ளே மிச்சமிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். 5 செ.மீ. தூக்கியதில் ஷாஃப்ட் 8 மி.மீ. போலத்தான் நீண்டிருக்கும், ஆனால் ஆக்சில் தொங்கும்போது அது இன்னும் கூடும்.